இரண்டு தட்டு, கொஞ்சம் இரைச்சல்

போன் அலறியது!

அப்ஸானா கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் செருகிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"சாயிரா சவுண்ட் சர்வீஸுங்க..."

பதில் இல்லை.

கர்ர்ர்ர்... என்று ஓர் இரைச்சல். காய்ந்த எண்ணெயில் வடகத்தை அள்ளிப் போட்ட மாதிரி. நடுவே 'டொக், டொக்' என்று இரண்டு தட்டு. அப்புறம் ஓர் ஆண்குரல். வாய்க்கும் போனுக்கும் நடுவே துணி இருக்கிறது என்று அப்ஸானாவின் காது உடனே கண்டுபிடித்துவிட்டது.

"கடைக்குப் பேரு வச்சிருக்கறயே சாயிரான்னு... அந்தப் புள்ளை இப்ப எங்கிட்ட இருக்குது."

"யாருங்க பேசறது? என்ன வெளையாட்டு இது?"

"வெளையாட்டா? பள்ளிக்கூடம் போற வழியில, பலாமரத்து வளைவுல புஸ்தகப் பை கெடக்குது. ஆளை அனுப்பிப் பாரு."

அப்ஸானா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"ராசப்பன் கேசட்டு! மத்தியானம் ரெண்டு மணிக்கு எஸ்.ஐ. மலையேறி வருவான். 'வெறும் இரைச்சல்தானுங்க சார், ஒரு வார்த்தை கூடப் புரியல'ன்னு சொல்லோணும். அதுக்கு முன்னால கேசட்டை அடுப்புல போட்ரோணும்."

"அந்தக் கேசட்டுல..."

"வாயை மூடு! அதுல என்ன கேட்டுதுன்னு நீ யார்கிட்டயும் சொல்லப்படாது. எங்கிட்டயும்தான்! போலீசு, பள்ளிக்கூடம், உம்புருசன்... யாருக்குப் போன் போட்டாலும் எங்காதுல உழும். போட்டுப் பாரு, அப்பறம் புள்ளையைப் பாக்க முடியாது!"

அப்ஸானாவின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. பத்து மணி பத்து நிமிடம்.

"ஏனுங்க! எம்புள்ளைக்குச் சர்க்கரை வியாதிங்க! காலைல இன்சுலின் ஊசி போட்டிருக்குது! பத்தரைக்கு ஏதாச்சும் தின்னே ஆகோணும்! இனிப்பு குடுங்க! கேக்குதுங்களா? இனிப்பு..."

கர்ர்ர்ர்ர்...

இரைச்சல் அலையாய் எழும்பி எல்லாவற்றையும் விழுங்கியது.

"என்ன? என்ன சொல்றே? ஒண்ணும் கேக்கல..."

லைன் செத்தது!

*

ராசப்பன் யாரென்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் முழித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்புவீர்கள்.

ராசப்பன் ஒரு பத்திரிகை நிருபர். யாரோ ஒருவன் வனத்துறை அதிகாரிகளின் போனை ஒட்டுக்கேட்டு, ரோந்து எந்தப் பக்கம் போகிறது என்று சந்தனமரத் திருடர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆளைத்தான் ராசப்பன் துரத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால் கொண்டை ஊசி வளைவு ஒன்றுக்குக் கீழே பிணமாகக் கிடைத்தார். தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றது போலீஸ்.

அவர் வீட்டு டெலிபோனில் ஒரு டேப்ரெக்கார்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கேசட். கடைசியாக அவரை வெளியே கூப்பிட்டவனின் குரல் அதில் இருக்க வேண்டும். ஆனால் கேட்டவர் காதுக்கெல்லாம் இரைச்சல் மட்டுமே கேட்டது.

சென்னை லேபுக்கு அனுப்பினால் ஆறு மாதம் ஆகும். அதனால் எஸ்.ஐ. சதீஷ்குமார் அதை அப்ஸானாவிடம் கொண்டுவந்தார். அவள் கடை இருக்கும் மலையூரான செம்மேட்டில் மட்டுமில்லை, அடிவாரம் வரைக்கும் ஆம்ப்ளிஃபயர், ரேடியோ எது மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். அவள் கணவன் காலித் மைக்செட்டோடு ஊர் ஊராகப் போவான். இன்றைக்கு ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். உடைத்துக்கொண்டு வருவதை உட்கார்ந்து சரிசெய்வது அப்ஸானா.

ஐந்து நாளாக அந்தக் கேசட்டோடு மல்லுக்கட்டினாள். அதில் என்ன கேட்டது என்று இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

2001. செல்போன் அந்த மலைக்கு இன்னும் ஏறவில்லை. 'ஹில்டோன்' என்று ஒரு தனியார் கம்பெனி ரேடியோ டவர் போட்டு வீட்டுக்கு வீடு போன் கொடுத்திருந்தது. மலை முழுக்க அந்த ஒரே லைன்தான். அதைத்தான் தொடக்கூடாது என்கிறான்!

"அப்ஸானாக்கா... அக்கா!"

பக்கத்துத் தேன், மிளகுக் கடைக் கோகிலா ஓடிவந்தாள். கையில் ஒரு நீலப் பை.

"பலாமரத்து வளைவுல கெடந்துதுங்க. நம்ம சாயிரா பைதானுங்களே இது?"

அப்ஸானா பையைப் பிடுங்கித் திறந்தாள். எவர்சில்வர் டப்பாவில் பிஸ்கட் அப்படியே இருந்தது. தக்காளிச் சோறும் அப்படியே. ஒரு கவளம் கூடக் குறையவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"போலீசுக்கு..."

"போன் பண்ணக் கூடாது கோகிலா! கேட்டுருவான்!"

"ஆரையாச்சும் பஸ்ல அனுப்பட்டுங்களா?"

"எழுபது வளைவு எறங்கி எப்ப போயிச் சேர்றது? எம்புள்ளைக்கு அவ்வளவு நேரமில்ல. உள்ள ஊசி வேலை செய்யுது. வயித்துல ஒண்ணுமில்ல. வேர்க்கும், கை நடுங்கும், அப்பறம் தூக்கம் மாதிரி வரும்... யா அல்லாஹ்! அது தூக்கமில்ல கோகிலா! எழுப்பலைன்னா எழுந்திரிக்கவே மாட்டா!"

பத்து ஐம்பது.

போன் மறுபடியும் அலறியது!

கர்ர்ர்ர்... டொக், டொக்.

"எரிச்சாச்சா?"

"எரிக்கறேங்க! எம்புள்ளை குரலை ஒரு தடவை கேக்கோணும்! அவகிட்டக் குடுங்க!"

"அது தூங்குது."

அப்ஸானா வீறிட்டாள்.

"தூங்கறாளா? இந்த நேரத்துலயா? ஐயோ, அது தூக்கமில்லீங்க! சர்க்கரையைக் கரைச்சு வாயில..."

கர்ர்ர்ர்ர்ர்...

"எளவெடுத்த லைனு..." என்று அவனே சபிப்பது கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

அப்ஸானா ரிசீவரை வைக்கவில்லை. வெறித்துப் பார்த்தபடி நின்றாள்.

அவள் தொழிலில் ஒரே ஒரு சங்கதிதான் முக்கியம். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. இப்போது வந்தது இன்னொரு தரம் அதே மாதிரி வராது. அதே மாதிரி திரும்பி வந்தால் அது இரைச்சல் இல்லை. யாரோ அனுப்புகிற சிக்னல்.

இரண்டு போன். இரண்டு தடவையும், பேசுவதற்கு முன்னால், ஒரே இடைவெளியில் இரண்டு தட்டு.

யார் தட்டுகிறான்? எதற்கு?

*

பதினொன்று பத்துக்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது.

"என்ன அம்மிணி, மொகமெல்லாம் வீங்கியிருக்குது?"

அருணாசலம். ஹில்டோன் கம்பெனியின் லைன்மேன். ஐம்பத்தைந்து வயது. அதற்கு முன்னால் எங்கெங்கோ எஸ்டேட்டுகளில் இருபது வருஷம் போன் வேலை பார்த்த ஆள். அப்ஸானாவின் கடையில் வாரத்துக்கு நாலு தடவை டீ குடிப்பவர். சாயிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவர்.

அவரைப் பார்த்ததும் அப்ஸானாவுக்குப் போன உயிர் திரும்பியது. போன்காரர்! லைன் எங்கிருந்து வந்தது என்று இவரால் கண்டுபிடிக்க முடியுமே!

"அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

"இரு சாமி, லைன் எல்லாப் பக்கமும் எரையுது. உன்ர போன் எப்படி இருக்குதுன்னு பாத்துக்கறேன்."

அருணாசலம் தோல்பையை மேஜைமேல் வைத்தார். ரிசீவரை எடுத்தார். உள்ளங்கையில் தட்டினார்.

டொக்... டொக்.

அப்ஸானாவின் வாய் திறந்தபடியே நின்றது.

பழைய காலத்துப் போன்களில் பேசுகிற இடத்தில் கரித்தூள் இருக்கும். மலை ஈரத்துக்குக் கட்டிக்கொள்ளும். போன் வேலைக்காரர்கள் இரண்டு தட்டுத் தட்டி அதை உதிர்த்துவிட்டுத்தான் 'ஹலோ' என்பார்கள். இப்போது அவர் கையில் இருப்பது புத்தம்புதுப் பட்டன் போன். கரியும் கிடையாது, தூளும் கிடையாது. தட்டவே தேவையில்லை. இருபது வருஷம் பழகிய கைக்கு அது தெரியாதே!

இவர்தான்!

கத்தலாம். கழுத்தைப் பிடிக்கலாம். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? சாயிரா எங்கே கிடக்கிறாள் என்று இந்த ஆளைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த வாய் மூடிக்கொண்டால் குழந்தை போய்விடும்.

அப்ஸானா பல்லைக் கடித்தாள். அழுவதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, சாயிராவை ஆரோ தூக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே!"

"அட பாவமே! ஆரு?"

"தெரியலீங்கண்ணே. போன்ல பேசினான். நான் சொன்னது எதுவும் அவனுக்குக் கேக்கல. ஒரே இரைச்சல்! காலைல அவளுக்கு இன்சுலின் போட்டேன். உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் சொல்லாம வச்சிருந்தோம். பொட்டப்புள்ளைன்னு... ஊசி போட்டு நேரத்துக்குத் திங்கலைன்னா மயக்கம் போட்டுருவாண்ணே. இப்பத் தூங்கறாங்கறான். அது சாவுக்கு முன்னால வர்ற தூக்கம்!"

அருணாசலத்தின் முகம் வெளுத்தது.

"தூங்கினா... எந்திரிக்காதா?"

"வாயில இனிப்பு போனாத்தான் எந்திரிப்பா. இன்னும் அரைமணி நேரம் விட்டா..."

"அரைமணியா?"

அருணாசலம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். வாசலைப் பார்த்தார். அந்த ஒரு கணம் அப்ஸானாவுக்குப் போதும். கல்யாண மேடையில் மாப்பிள்ளை சட்டையில் குத்துகிற கார்ட்லெஸ் மைக், தீப்பெட்டி அளவு, மேஜையில் கிடந்தது. ஸ்விட்சைத் தள்ளினாள். தோல்பையில் ஒயர்களுக்கு அடியில் சொருகினாள்.

"நான்... நான் டவர்ல லைனைப் பாத்துட்டு வாரேன் அம்மிணி. தைரியமா இரு. கேக்கறான்னா அதை எரிச்சிரு!"

கேசட்டைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை! பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். மொபெட் புகை கக்கியது.

இனிப்பு கொடுக்க ஓடுகிறாரா? இல்லை, வியாதியே வேலையை முடிக்கட்டும் என்று ஓடுகிறாரா?

"கோகிலா! வண்டியை எடு! ஒரு பாட்டில் தேனையும் எடு!"

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னை அப்ஸானா அள்ளினாள். புதுக் கேசட் ஒன்றை உள்ளே தள்ளினாள். ராசப்பன் கேசட்டை இடுப்பில் செருகினாள்.

*

"ஏனுங்க்கா, பாட்டுக் கேக்கற நேரமாங்க இது?"

பின்னால் உட்கார்ந்து ரேடியோவைக் காதில் அழுத்திக்கொண்டிருந்த அப்ஸானா, "பாட்டில்ல, அருணாசலம்!" என்றாள். "அவர் பையில இருக்கற மைக்கு இதுல பேசும். நூறு நூத்தம்பது மீட்டருக்குத்தான் எட்டும். தூரமாப் போனா இரைச்சல் கூடும். கிட்டக்கப் போனா இரைச்சல் அடங்கும். ஓட்டு!"

ஷ்ஷ்ஷ்ஷ்...

ஷ்ஷ்ஷ்... அப்புறம் ஒரு குரல்!

'குப்புசாமி, தேன்முட்டாயி ஒரு பாக்கெட்டு... சீக்கிரம் குடுப்பா!'

அப்ஸானா வெடித்து அழுதாள். இனிப்பு வாங்குகிறார்! கொல்லப் போகவில்லை! தன் குழந்தையைக் கடத்தினவனுக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்ட ஒரே தாய் அவளாகத்தான் இருப்பாள்.

சாலை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் எடப்புளி நாடு. வலப்பக்கம் வளப்பூர் நாடு. இரண்டும் மலைக் கிராமங்கள். மொபெட் எதையும் காணோம். ரேடியோவில் ஷ்ஷ்ஷ்ஷ்... தவிர ஒன்றுமில்லை.

"எந்தப் பக்கமுங்க?"

"இஞ்சினை நிறுத்து! உன் வண்டி பிளக்கே இரைச்சல் அடிக்குது!"

இஞ்சின் நின்றது. அப்ஸானா ஏரியலை இழுத்து இடப்பக்கமாக இருபதடி ஓடினாள். ஷ்ஷ்ஷ்ஷ்ஷ். திரும்பி வலப்பக்கம் ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. ஷ்ஷ்ஷ்... ட்ர்ர்... ஷ்ஷ்... ட்ர்ர்ர்ர்!

"வளப்பூர்! வளப்பூர்!"

மறுபடி ஏறினார்கள். மரவள்ளிக் காடுகள் பின்னால் ஓடின. மணி பதினொன்று நாற்பது. திடீரென்று ரேடியோவில் மொபெட் சத்தம் நின்றது. ஒரு தகரக் கதவு கிறீச்சிட்டது. பிறகு அந்தக் குரல், காதுக்குள்ளேயே பேசுகிற மாதிரி...

'கண்ணு... எந்திரி சாமி. முட்டாயி பாரு. வாயைத் தொற... தொற கண்ணு...'

பதில் இல்லை.

'ஐயோ சாமி... எந்திரி!'

கோகிலா கையை நீட்டினாள்.

"அக்கா, அங்க பாருங்க!"

மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஹில்டோன் கம்பெனி கைவிட்ட பழைய டவர் ஷெட். வாசலில் அந்த மொபெட்.

அப்ஸானா ரேடியோவைக் கோகிலாவின் கையில் திணித்தாள். ரெக்கார்டு செய்கிற சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினாள்.

"இது ஓடட்டும். என்ன நடந்தாலும் நிறுத்தாதே!"

தேன் பாட்டிலோடு உள்ளே பாய்ந்தாள்.

*

சாயிரா கோணிச் சாக்கின்மேல் கிடந்தாள். கண்ணைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டு, உடைத்த மிட்டாயோடு அருணாசலம்.

"தள்ளுங்க! மிட்டாய் தொண்டையில சிக்கினா செத்துருவா!"

அப்ஸானா குழந்தையைப் பக்கவாட்டில் சாய்த்தாள். தேனில் விரலை முக்கிக் கன்னத்துக்கு உள்பக்கம் தேய்த்தாள். ஈறில் தேய்த்தாள். மறுபடி முக்கினாள்.

"சாயிரா... சாயிரா கண்ணு... அம்மா வந்திருக்கேன்டி..."

அசைவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அப்ஸானாவுக்குத் தன் இதயம் அடிப்பது மட்டும்தான் கேட்டது. ஐந்து. எட்டு. வாய் வேண்டிக்கொண்டே இருந்தது, விரல் தேய்த்துக்கொண்டே இருந்தது.

குழந்தையின் நாக்கு மெல்ல அசைந்தது. விரலைச் சப்பியது.

"ம்மா... லேட்டாயிருச்சு... டீச்சர் திட்டுவாங்க..."

அப்ஸானா அவளை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு கதறினாள்.

பின்னால் தகரக் கதவு ஒருக்களித்தது. அருணாசலம் வழிமறித்து நின்றார். கையில் ஓர் இரும்பு ராடு. கண்ணில் நீர்.

"புள்ளை பொழைச்சுது. சாமிக்கு நன்றி சொல்லிக்கறேன். எனக்கும் பேரப்புள்ளை இருக்குது அம்மிணி. இப்பக் கேசட்டைக் குடு."

"வழியை விடுங்கண்ணே."

"குடுத்துட்டுப் போ! நான் பாவியாத்தான் போயிட்டேன். பாரஸ்ட்காரங்க பேச்சைக் கேட்டுச் சொன்னேன். ராசப்பன் கண்டுபுடிச்சுட்டான். பேசலாம் வாப்பான்னு வளைவுக்குக் கூப்புட்டு, இந்தக் கையாலதான் தள்ளினேன். கூப்புட்ட போனை அவன் டேப்புல புடிப்பான்னு ஆரு கண்டா? உன்ர காதைப் பத்தி மலைக்கே தெரியும். நீ என்ர குரலைக் கேட்டிருப்பே. அந்த ஒரு கேசட்டுதான் எனக்குத் தூக்குக் கயிறு. குடு!"

அப்ஸானா இடுப்பிலிருந்து கேசட்டை எடுத்தாள். மூலையில் வீசினாள்.

அருணாசலம் ராடைப் போட்டுவிட்டு அதன்மேல் விழுந்தார். நாடாவைப் பிடித்து இழுத்தார். கருப்புக் குடலாக உருவி உருவிப் பல்லால் கடித்து அறுத்தார்.

அந்த நேரத்துக்குள் அப்ஸானா குழந்தையோடு வெளியே வந்துவிட்டாள். கோகிலா கதவை இழுத்துச் சாத்தினாள். நாதாங்கியில் அருணாசலத்தின் பூட்டு சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. கடக்!

உள்ளேயிருந்து கதவை அறைந்தார்.

"பூட்டினா என்ன? சாட்சி போச்சு! எல்லாத்தையும் அறுத்துப் போட்டேன்! இனி என்ன சொல்லுவே போலீசுக்கு?"

அப்ஸானா கதவோடு சாய்ந்து உட்கார்ந்தாள். மடியில் சாயிரா தேன் பாட்டிலை நக்கிக்கொண்டிருந்தாள். அப்ஸானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"காலைலயே சொல்ல வந்தேங்கண்ணே. நீங்கதான் வாயை மூடுன்னீங்க."

"என்ன?"

"அதுல ஒண்ணுமே இல்லீங்க! மைக்கு ஒயரு அந்துபோயி, ராசப்பன் வெறும் இரைச்சலைத்தான் புடிச்சு வச்சிருக்காரு. அஞ்சு நாளா அலசிப் பாத்தாச்சு. உங்க குரல் ஒரு எழுத்துக் கூட இல்ல. இன்னிக்கு ரெண்டு மணிக்கு எஸ்.ஐ. சார்கிட்ட 'வெறும் இரைச்சல்தானுங்க'ன்னு சொல்லித் திருப்பிக் குடுக்கறதா இருந்தேன்!"

உள்ளே அருணாசலம் தகரத்தோடு சரிந்து உட்காருவது கேட்டது.

"நீங்க போனே பண்ணாம ஊட்ல டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தா, சாகற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்ப உங்க பையில இருக்கற மைக்குல நீங்களே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. கோகிலா, ஓடுதா?"

"ஓடுதுங்க்கா! நீங்க சொன்ன மாதிரி நிறுத்தவே இல்லீங்க!"

தகரத்துக்கு உள்ளேயிருந்து ஓர் ஊளை கிளம்பியது. பெரிய மனிதர் அழுதால் அவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அப்ஸானாவுக்கு அதுவரை தெரியாது.

*

கோகிலா மெயின்ரோட்டுக்குப் போய் மறித்துக் கூட்டிவந்த எஸ்.ஐ.யின் ஜீப்பில், சாயிரா முன்சீட்டில் உட்கார்ந்து இரண்டாவது தேன்மிட்டாயைத் தின்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அருணாசலத்தை இரண்டு கான்ஸ்டபிள்கள் பின்பக்கம் ஏற்றினார்கள்.

எஸ்.ஐ. சதீஷ்குமார் டூ-இன்-ஒன்னைக் காதில் வைத்துக் கேட்டார். புருவம் உயர்ந்தது.

"பிரமாதம்மா! கண்ணாடி மாதிரி இருக்கு! ஜட்ஜுக்கு ஒரு எழுத்து விடாமக் கேக்கும். கடைசியில மட்டும் ஊ... ஊன்னு என்னமோ ஒரு சத்தம் வருதே?"

அப்ஸானா ஜீப்பின் பின்பக்கம் பார்த்தாள்.

"அது அருணாசலண்ணன் அழுவறதுங்க சார். வெறும் இரைச்சல். சொன்னீங்கன்னா ஃபில்டர் பண்ணிக் குடுத்துடறேன்!"